தீனி வண்டி வராத மார்கழி

குளிர்காலத்தில் கறிக்கோழிக்குத் தீனி கொடுப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி சமீபத்தில் என்னிடம் கேட்டார்கள். கேட்டவர் நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது பயிற்சிப் பிரிவில் இருக்கும் பெண். "பாயின்ட் பாயின்ட்டா இருந்தா போதும் சார். புதுசா சேர்ந்தவங்களுக்கு மொபைல்ல அனுப்பணும்" என்றார். எழுதி அனுப்பினேன். குளிரில் கோழி தின்னும் தீனியில் ஒரு பங்கு உடம்புச் சூட்டுக்கே எரிந்துபோகும், மிச்சம்தான் கறியாகும் என்று எழுதினேன். தண்ணீர் சில்லென்று இருந்தால் குடிக்காது, குடிக்காவிட்டால் தின்னாது என்று எழுதினேன். பொழுது சாயும்போது தட்டு நிறைந்திருக்க வேண்டும், அந்தத் தீனிதான் விடியற்காலைக் குளிரைத் தாங்கும் என்று எழுதினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

அனுப்பிய பிறகு மனசு கசந்துபோயிற்று. அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் தவறாமல் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு என்ன நேர்ந்தது என்பது மொபைலில் அனுப்புகிற விஷயம் இல்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆரணிக்காரன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. எனக்குத் தறி வரவில்லை, விலங்கியல் படித்தேன். படித்த படிப்புக்கு வேலை வரவில்லை. கறிக்கோழிக் கம்பெனி ஒன்று ஆரணியில் கிளை திறந்தபோது சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். கம்பெனி குஞ்சு, தீனி, மருந்து மூன்றையும் கொடுக்கும். விவசாயி ஷெட்டும் உழைப்பும் கொடுப்பார். வளர்ந்த கோழியைக் கம்பெனி பிடித்துக்கொண்டு போய் எடைக்கேற்ப வளர்ப்புக் கூலி தரும். இரண்டு பேருக்கும் நடுவில் மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவன் சூப்பர்வைசர். பெரணமல்லூர், சேத்துப்பட்டு சுற்றுவட்டாரம் முழுக்க என் பொறுப்பு. ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசிக்கொண்டு சில வருஷங்கள் போயின. டாக்டர் சுகந்தி கிளைக்கு வந்த பிறகுதான் தொழில் என்றால் என்னவென்று பார்த்தேன்.

அவர் கால்நடை மருத்துவர், தெற்குச் சீமைக்காரர். ஒல்லியான உருவம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்வார். பண்ணைக்குப் போனால் நேரே உள்ளே போகமாட்டார். மருந்துத் தண்ணீரில் பூட்ஸை நனைத்துவிட்டு வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அப்போது யாரும் பேசக்கூடாது. இளநீர் வெட்டிக்கொண்டு வந்து நிற்கிற விவசாயி கையில் இளநீரோடு அப்படியே நிற்க வேண்டியதுதான். குஞ்சுகளின் சத்தத்தைக் கேட்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. குளிர் அடித்தால் குஞ்சு கீச்சென்று உயரக் கத்தும். பசித்தால் கத்துவது வேறு. சூடு போதுமென்று இருந்தால் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். கண்ணைத் திறந்ததும், "வடக்கு மூலையில படுதா கிழிஞ்சிருக்கா?" என்று கேட்பார். போய்ப் பார்த்தால் கிழிந்திருக்கும்.

அப்புறம் ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதங்களைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பாதம் சில்லென்று இருந்தால் தரை குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கால் குளிர்ந்த குஞ்சு ஒடுங்கி உட்காருமே தவிர தீனிக்கு நடக்காது. குஞ்சு வருவதற்கு முதல் நாளே கரி அடுப்பு மூட்டி உமிப் பரப்பைச் சூடாக்கி வைக்கச் சொல்வார். முதலில் வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீர். அதைக் குடித்த பிறகு காகிதம் விரித்து அதன்மேல் நொறுங்கிய தீனியைத் தூவ வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் குஞ்சின் கழுத்துக்கு அடியில் இருக்கும் தீனிப்பையை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை, தொளதொளவென்று இருந்தால் தீனி தின்னவில்லை. ஊறவைத்த கடலைப்பருப்பு மாதிரி மெத்தென்று இருந்தால் மட்டும் "ம்" என்பார். அவருடைய பாராட்டு அவ்வளவுதான். அந்த "ம்"முக்காகச் சில விவசாயிகள் எவ்வளவோ செய்தார்கள்.

மரியதாஸை நான்தான் அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெரணமல்லூர் போகும் வழியில், உள்ளே தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் ஷெட் போட்டிருந்தார். அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆரணியில் பவர்லூமில் வேலை. டாக்டர் இடம் பார்க்க வந்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். மரியதாஸ் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் கேட்டார். அவர் மனைவி புனிதா முன்னால் வந்தாள்.

"அவருக்குக் காது மந்தம்மா. பவர்லூம்ல இருந்து இருந்து போய்டுச்சு. இந்தப் பக்கம் வந்து பேசுங்க, வலது காது கொஞ்சம் கேக்கும்."

டாக்டர் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

"குஞ்சு கத்துறது உங்களுக்குக் கேக்குமா?"

மரியதாஸ் யோசித்தார். கேட்காது என்று சொன்னால் பண்ணை கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். "லாரி ஆரன் கேக்கும்மா. குஞ்சு சத்தம் கேக்காது" என்றார்.

"எனக்குக் கேக்கும்மா. நான் கீறேன்ல" என்றாள் புனிதா.

திரும்பி வரும்போது, ஆரணி நெருங்கும் சமயம் ஜீப்பில் டாக்டர், "குடுத்துடலாம் குமரேசன். பொய் சொல்லல பாருங்க" என்றார். தலைமை அலுவலகத்துக்கும் உள்ளதைச் சொன்னார். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் சேர்த்து ஒப்பந்தம் போடச் செய்தார்.

முதல் குஞ்சு இறங்கிய அன்று அவரே வந்திருந்தார். ஒரு குஞ்சை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே குஞ்சின் காலை மரியதாஸின் கன்னத்தில் வைத்தார். அந்த மனிதர் கூச்சத்தில் நெளிந்தார்.

"எப்படி இருக்கு?"

"சில்லுனு கீதும்மா."

"அப்போ இன்னும் ரெண்டு கரி அடுப்பு வைங்க. இது தீனிகிட்ட போகாது. சத்தம் கேக்கலைன்னா பரவால்ல, எங்க கூட்டமா நிக்குதுன்னு கண்ணால பாருங்க. கையால தொட்டுப் பாருங்க. மத்தது உங்க சம்சாரம் கேட்டுச் சொல்லட்டும்."

அப்படித்தான் அவர்கள் வேலை செய்தார்கள். புனிதா வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். திடீரென்று நிமிர்ந்து காது கொடுப்பாள். சத்தம் மாறியிருந்தால் ஒரு சின்னக் கல்லை எடுத்து ஷெட்டுக்குள் அவர் இருக்கும் பக்கம் எறிவாள். அவர் திரும்பிப் பார்ப்பார். அவள் கையைக் காட்டுவாள். கை போன திசைக்கு அவர் நடப்பார். தீனி விஷயத்தில் மரியதாஸை மாதிரி பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை. தட்டை ஒரேயடியாக நிரப்பிவிட்டுப் போகிற பழக்கம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நடந்து, தட்டை ஆட்டிவிட்டு, மறுபடியும் போடுவார். ஆட்டும்போது கோழிகள் ஓடி வரும். குளிர்காலத்தில் காலையில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தொட்டித் தண்ணீரை வெளியே திறந்து விட்டுவிட்டு, வெயில் ஏறிச் சூடான தண்ணீரைக் கோழிக்கு விடுவார். படுதாவை அடியிலிருந்து தூக்கமாட்டார், மேல்பக்கம் ஒரு சாண் மட்டும் திறந்து வைப்பார். குளிருக்குப் பயந்து முழுக்க மூடிவிட்டால் உள்ளே காற்றுக் கெட்டுக் கோழிக்கு வயிற்றில் நீர் கட்டிவிடும் என்று டாக்டர் சொன்னதை அவர் மறக்கவில்லை. இரண்டு குளிர்காலம் அவர் பண்ணையில் கோழி நல்ல எடை வந்தது. இரண்டாவது வருஷம் டாக்டர் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். மரியதாஸுக்கு அது கேட்கவில்லை. புனிதா அவர் தோளைத் தட்டி, தலையை ஆட்டிக் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது.

மூன்றாவது மார்கழியில் புனிதா நிறைமாதம். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அதனால் இந்த முறை முன்னதாகவே சேத்துப்பட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஷெட்டில் கோழிகளுக்கு மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. குஞ்சின் பஞ்சு உதிர்ந்துகொண்டிருக்கும் வயது, இறகு சரியாக முளைத்திருக்காது. அதே சமயம் குஞ்சுக்கான சூட்டையும் குறைத்திருப்போம். குளிருக்கு அந்த வயதுதான் ஆபத்து.

"புனிதா இல்லாதப்போ யாரு கேப்பாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நானே ஷெட்ல படுத்துப்பேம்மா. சுத்திகினே இருப்பேன். தீனி மட்டும் கரெக்டா வந்துட்டா போதும்."

தீனி இரண்டு நாளைக்கு இருக்கும்போதே என்னிடம் சொல்லிவிட்டார். நான் அன்றே கம்பெனியின் தீனி ஆலைக்குச் சொன்னேன். மறுநாள் பெரணமல்லூர் பக்கம் வண்டி வருகிறது, அதில் ஏற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. அன்று பிற்பகலில் மழை பிடித்தது. வங்கக் கடலில் தாழ்வுநிலை என்றார்கள். மார்கழியில் அந்த மாதிரி மழை எங்கள் பக்கம் அபூர்வம். மழையோடு குளிர்காற்றும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் வண்டி வரவில்லை. ஆலைக்குப் போன் செய்தேன். லாரியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அங்கே ஒருவர் புதிதாக, மின்விசிறியும் ஹீட்டரும் வைத்து, முழுக்க மூடிய பெரிய ஷெட்டுகள் போட்டிருந்தார். அவருக்குத் தீனி குறைகிறதாம். எங்கள் லாரியை அங்கே அனுப்பிவிட்டார்கள். டாக்டரிடம் சொன்னேன். அவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"சார், அங்க ஹீட்டர் இருக்கு. ஒரு வேளை குறைஞ்சாலும் தாங்கும். இங்க இவருக்கு அடுப்புக்கரியும் தீனியும்தான். குளிர்ல தீனி இல்லாத கோழி, விறகில்லாத அடுப்பு சார்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. டாக்டர் போனை வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில முதல் வண்டி நமக்காம்" என்றார். மறுநாள் காலையில் முதல் வண்டி கிளம்பியது. வழியில் ஏரி உடைப்பெடுத்துச் சாலையில் தண்ணீர் ஓடியதால் பாதியில் நின்றுவிட்டது.

மரியதாஸின் தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. நான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சேத்துப்பட்டு ரோட்டில் இருக்கும் இன்னொரு பண்ணைக்குப் போய்க் கடனாகத் தீனி கேட்டேன். அந்த விவசாயி வானத்தைப் பார்த்தார். "எனக்கே நாளைக்கு இன்னா நெலமைன்னு தெர்ல சார். லாரி வரும் வரும்னு சொல்லிகினே கீறாங்க" என்றார். இருந்தாலும் இரண்டு மூட்டை கொடுத்தார். வண்டியில் கட்டி, தார்ப்பாய் போர்த்தி, மிதிக்கிற இடமெல்லாம் வழுக்கும் மண் ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவ்வளவு கோழிக்கு அது ஒரு வேளைக்குக்கூடக் காணாது. மரியதாஸ் அதற்குள் பக்கத்து ஊர் அரிசி ஆலையில் நொய் வாங்கி வந்திருந்தார். டாக்டர் போனில் சொன்னதை அவர் வலது காதில் கத்தினேன். "ரெண்டையும் கலந்து பொழுது சாயறப்போ போடணும். இப்போ போட்டுடக் கூடாது."

"புரியுது சார். குளிரு விடிகாலைலதான் கடிக்கும்."

அவர் முகம் ஈரமாக இருந்தது. மழையா, வேறு எதுவுமா என்று நான் கேட்கவில்லை. காற்று வரும் பக்கம் படுதாவுக்கு மேல் சாக்குகளைத் தைத்துக் கட்டியிருந்தார். எதிர்ப்பக்கம் மேலே ஒரு சாண் திறப்பை மட்டும் விட்டிருந்தார். அந்த மழையிலும் அதை மறக்கவில்லை. கரி அடுப்புகளை ஷெட் நெடுக வைத்திருந்தார். நான் உமியை ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை. தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் இருட்டுவதற்குள் நான் கிளம்ப வேண்டியிருந்தது.

மறுநாள் காலை என் போன் அடித்தது. மரியதாஸ் பொதுவாகப் போனில் பேசமாட்டார், எதிர்ப்பக்கம் பேசுவது அவருக்குக் கேட்காது. "சார், வாங்க சார்" என்றார். "என்ன ஆச்சு?" என்றேன். "வாங்க சார்." "கோழிக்கு என்ன ஆச்சு மரியதாஸ்?" "சார், வாங்க சார். வாங்க சார்." நான் கேட்பது எதுவும் அவரை எட்டவில்லை. அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

போனபோது மழை விட்டிருந்தது. ஷெட்டின் மேற்கு மூலையில் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. குளிர் தாங்காத கோழி இன்னொரு கோழியின் கதகதப்பைத் தேடிப் போகும். அதன்மேல் இன்னொன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். மரியதாஸ் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, துடிப்பு இருந்தால் அடுப்புப் பக்கமும் இல்லையென்றால் வெளிப்பக்கமும் வைத்துக்கொண்டிருந்தார். வெளிப்பக்கம்தான் நிறைந்துகொண்டே போனது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சுத்திகினேதான் இருந்தேன் சார். விடியற நேரத்துல அந்தாண்ட கோடில அடுப்புக்குக் கரி போட்டுகினு இருந்தேன். இந்தாண்ட திரும்பிப் பார்க்கல." குவியலைப் பார்த்து, "கத்தியிருக்கும் இல்ல சார்? கத்தியிருக்கும்" என்றார்.

ஆயிரக்கணக்கான கோழிகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு கத்தியிருக்கும். பக்கத்து நிலத்துக்காரருக்குக்கூடக் கேட்டதாம். மழைக்கு வெளியே வரவில்லை.

டாக்டர் வந்தார். வாசலில் கண்ணை மூடி நிற்கவில்லை, நேரே உள்ளே போனார். கத்தரியை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு கோழியாக அறுத்தார். தீனிப்பை காலி. வயிற்றில் தீனியை அரைக்கும் அரைவைப்பையைப் பிளந்து என் உள்ளங்கையில் கொட்டினார். உமி. கீழே பரப்பியிருந்த உமியைத் தின்றிருந்தன. அடுத்த கோழி, அதுவும் உமி. அடுத்தது. "பாருங்க குமரேசன். குவியலுக்கு அடியில கிடக்கறது எல்லாம் பட்டினி. வலுவுள்ளது நொய்யைத் தின்னுட்டுது, இதுங்களுக்குத் தட்டுகிட்ட போக முடியல. நேத்துத் தீனி வந்திருந்தா இதுங்க இந்த மூலைக்கே வந்திருக்காது."

குழி தோண்ட ஆரம்பித்தோம். மரியதாஸ் மண்வெட்டியை யாருக்கும் தரவில்லை. அப்போது அவர் போன் அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை, அவர் சட்டையோடு அது வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்தேன். புனிதாவின் தம்பி. "மச்சான் இல்லீங்களா? அக்காவுக்குப் பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க, சொல்லிடுங்க."

குழிக்குள் இறங்கி அவர் வலது பக்கம் போய், காதருகே குனிந்து சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "புனிதா?" என்றார். "நல்லா இருக்காங்க" என்றேன். தலையை ஆட்டினார். குனிந்து மறுபடியும் வெட்ட ஆரம்பித்தார். குழியில் சுண்ணாம்பு போட்டு மூடுகிற சமயத்தில் சாலையில் லாரி ஹாரன் கேட்டது. அது மட்டும் அவருக்கும் கேட்டது. தீனி வந்திருந்தது. டிரைவர் ஒன்றும் தெரியாமல், "ரோடு பேஜாராகீது சார், ஜல்தியா எறக்கிக்கோங்க" என்றார். மூட்டைகளை இறக்கினோம். மிச்சமிருந்த கோழிகள் தட்டுக்கு ஓடிவந்தன.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஆரணிக் கிளை அலுவலகம் பட்டு ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே கல்யாணக் கூட்டம் சேலை எடுத்துக்கொண்டிருந்தது. மேலே அந்த அதிகாரி முதல் கேள்வியாக, "காது கேக்காத ஆளுக்கு ஷெட் குடுத்தது யாரு?" என்றார்.

"நான்தான். அப்பவே உங்க ஆபீஸுக்குச் சொல்லித்தான் குடுத்தேன். ரெண்டு குளிர்காலம் நல்லா வளர்த்தார்" என்றார் டாக்டர். அறுத்துப் பார்த்ததைச் சொன்னார். தீனிப்பை காலியாக இருந்ததைச் சொன்னார். உமியைச் சொன்னார்.

"டாக்டர், அவருக்குக் காது கேட்டிருந்தா எழுந்து பிரிச்சு விட்டிருப்பாரா, மாட்டாரா?"

"பிரிச்சு விட்டிருப்பார்" என்றார் டாக்டர். "பசியில மறுபடியும் குவிஞ்சிருக்கும்."

"அது உங்க யூகம்."

நான் பேசினேன். ஏற்றின லாரியை யார் சொல்லி எங்கே திருப்பினார்கள் என்று கேட்டேன். "அது மேலிடத்து முடிவு. இங்க கேள்வி அது இல்ல. நீங்க வெளிய இருங்க" என்றார். வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தேன். கீழே கடைக்காரர் ஒரு சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

மரியதாஸின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். காது கேளாதவர்களுக்கு இனிப் பண்ணை கொடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. டாக்டரைத் தொலைவாக ஒரு கிளைக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். ஆரணி பஸ் ஸ்டாண்டில் அவரை ஏற்றிவிட்டது நான்தான். பஸ் கிளம்பும் முன் ஜன்னல் வழியாக, "குமரேசன், அன்னிக்கே அவருக்குக் குடுக்காம இருந்திருக்கணுமோ?" என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றேன். "எனக்குத் தெரியல" என்றார். அறுத்துப் பார்த்த கோழிகளைவிட அந்த அதிகாரி கேட்ட கேள்வி அவருக்குள் ஆழமாகப் போயிருந்தது. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. பிறகு வந்த குளிர்காலங்களிலும் தீனி லாரி வேறு பக்கம் திரும்பிப் போனதுண்டு. எப்போதும் பெரிய பண்ணைகளை நோக்கித்தான் திரும்பும். காது நன்றாகக் கேட்கிறவர்கள் ஷெட்டிலும் கோழி குவிந்து செத்தது. ஒருவர் படுதாவைச் சரியாகக் கட்டவில்லை என்றார்கள். ஒருவர் தூங்கிவிட்டார் என்றார்கள். இன்னொருவர் உமியைக் கிளறவில்லையாம். ஒவ்வொரு தடவையும் ஷெட்டுக்குள் நின்ற மனிதனிடம் ஏதாவது ஒரு குறை கிடைத்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஒரு பெயர் வந்தது: "பழசையே பேசறவர்." கடைசி வருஷங்களில் சொல்வதை நிறுத்தவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள் என்ற நினைப்பு எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

போன தை மாதம் ஆரணியில் மரியதாஸைப் பார்த்தேன். ஊர்க்கோடியில் ஒரு பவர்லூம் கூடத்துக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. புனிதா சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். மறுபடியும் பவர்லூமுக்கே போய்விட்டாராம். இப்போது வலது காதும் போய்விட்டது என்று புனிதா சொன்னாள். பெண் பள்ளிக்கூடம் போகிறதாம், நன்றாகப் படிக்கிறதாம்.

எனக்கு என்ன தோன்றியதோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பழைய பழக்கத்தில் வலது காதுக்குப் போய்க் கத்தினேன். "உங்களால இல்ல மரியதாஸ். லாரியைத் திருப்பிட்டாங்க. பசியாலதான் செத்துது. டாக்டரம்மா அறுத்துப் பார்த்தாங்க." டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் வாயையே பார்த்தார். பிறகு புனிதாவைப் பார்த்தார். அவள் கைகளாலும் உதட்டாலும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். லாரிக்கு ஒரு கை. பசிக்கு வயிற்றில் ஒரு கை. எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள். அவர் கவனமாகப் பார்த்தார், முழுவதும் புரிந்துகொண்டார்.

காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் சொன்னார்: "உங்களுக்கு நல்ல மனசு சார். என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க."

என் கையைத் தட்டிக் கொடுத்தார். டீ கிளாஸை வைத்துவிட்டு, தறிகள் இரைகிற கூடத்துக்குள் போனார்.

புனிதா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். "நானும் எத்தினியோ தபா சொல்லிட்டேன் சார்" என்றாள். "'நீ ஊர்ல இருந்திருந்தா உனக்குக் கேட்டிருக்கும்'ன்றாரு. பிள்ளைய பெத்துக்கப் போனவ நானு. அப்போ யாரு தப்புன்னு கேட்டா, அழுவுறாரு. அதனால இப்பல்லாம் நான் ஒண்ணியும் சொல்றதில்ல."